அடித்தல் திருத்தல் உள்ள கதை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. மாடிப்படியில் கிடைத்தது. எங்கள் கட்டடத்தின் மேல்வீட்டில் நான்காம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் இருக்கிறாள். ஆள் பொடிசு, பேச்சு சுருக்கென்று கடிக்கும். அதனால் வீட்டிலேயே அவளைக் கட்டெறும்பு என்றுதான் கூப்பிடுகிறார்கள். பள்ளி விட்டு வந்தால், அவள் அம்மா கடையை அடைத்துவிட்டு வரும்வரை படியில் உட்கார்ந்திருப்பாள். நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிற ஆள். அவள் பேசுவாள், நான் எழுதுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு காதைத் தீட்டி வைத்திருப்பேன். அப்படித் தவணை முறையில் கேட்டதுதான் இது.

கேட்டதும் எனக்குக் கை பரபரத்தது. உடனே உட்கார்ந்து எழுதினேன்.

[பள்ளியின் ஜன்னல் கம்பிகள் வழியே காலை வெயில் தயங்கித் தயங்கி—]

வெயிலுக்கு என்ன தயக்கம்? பெண் பார்க்கவா வந்திருக்கிறது? அடித்துவிட்டேன்.

[எழுத்தறிவித்தல் என்பது ஒரு சமூகத்தின் அடித்தளத்தை—]

இது கதையா, ஆண்டுவிழாச் சிறப்புரையா? இதையும் அடித்துவிட்டேன்.

[டீச்சர் அழுதுகொண்டிருந்தாள்.]

இது நன்றாக இருந்தது. கொஞ்சம் பெருமையோடு படியில் இருந்தவளிடம் படித்துக் காட்டினேன். "எங்க டீச்சர் ஒண்ணும் அழலை. கண்ணாடியைத்தான் கழட்டித் தொடைச்சாங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். அதுவும் போயிற்று.

ஆகவே அலங்காரம் இல்லாமல் ஆரம்பிக்கிறேன். ஒரு டீச்சர் இருக்கிறாள், ஐம்பதைத் தாண்டியவள். அவளுடைய வகுப்பில் தினம் ஒரு பாடவேளை. அந்த வேளை பிழைக்குமா, பறிபோகுமா என்பதுதான் கதை.

ஒரு விஷயத்தை மட்டும் உங்களிடம் மறைத்து வைத்திருக்கிறேன். பயப்படாதீர்கள், கொலை ஒன்றும் இல்லை. நேரம் வரும்போது நானே சொல்லிவிடுவேன்.

2

டீச்சர் பேர்போனது சிவப்புப் பேனாவுக்கு. கட்டெறும்பின் அம்மாவே அவளிடம் படித்தவர்தான். இன்றைக்கும் கடையில் பில் எழுதும்போது ஏதாவது ஒரு எழுத்தில் சந்தேகம் வந்தால், முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பது போல இருக்குமாம்.

பழைய முறையில் குழப்பமே கிடையாது. கரும்பலகையில் 'பசு' என்று தலைப்பு போடுவாள். கீழே பத்து வரி. பிள்ளைகள் பார்த்து எழுத வேண்டும். வகுப்பு முழுக்க எல்லா நோட்டிலும் ஒரே பசு மேயும், ஒரே வாலை ஒரே மாதிரி ஆட்டும். யாருடைய பசுவாவது கொஞ்சம் வேலி தாண்டிவிட்டால், அதாவது எவனாவது சொந்தமாக ஒரு வரி சேர்த்துவிட்டால், சிவப்புப் பேனா பாய்ந்து அதைத் திரும்ப உள்ளே ஓட்டிவிடும். தலைமையாசிரியருக்கு அந்த நோட்டுகள் என்றால் உயிர். அழகான கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லாத பக்கங்கள். பெற்றோர் வந்தால் எடுத்து விரித்துக் காட்டுவார்.

அப்படி இருந்தவளை விடுமுறையில் ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தாள், மொழிப்பாடம் பட்டறை ஆகிவிட்டது. வாசிப்புப் பட்டறை, எழுத்துப் பட்டறை. இரும்பு வேலை செய்கிற ஒரு தகப்பனார், "எங்க பட்டறையில கையில காயம் படும். இங்க என்னங்க படும்?" என்று கேட்டாராம். அப்போது டீச்சருக்கும் அது தெரியாது.

பட்டறை நடக்கிற விதம் இதுதான். முதலில் எல்லோரும் பாயில் உட்கார வேண்டும். டீச்சர் ஒரே ஒரு சின்ன விஷயம் சொல்லித் தருவாள், காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும். பிறகு அவரவர் இடம், அவரவர் புத்தகம். புத்தகத்தைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு பக்கம் படித்துப் பார்த்து, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும். பக்கம் முடிவதற்குள் கை மூடிக்கொண்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம், வேறு எடு. கட்டெறும்பு ஒரு கை மூடியதும் அடுத்த கையை விரித்துக்கொள்வாள் என்பது வேறு கதை.

எழுதும் நேரத்திலும் அப்படியே. யாருக்கு எதைப் பற்றி எழுதத் தோன்றுகிறதோ அதை எழுதலாம். டீச்சர் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் உட்கார்ந்து, "எப்படிப் போகுது?" என்று கேட்பாள். கேட்கலாம், பேசலாம், யோசனை சொல்லலாம். ஆனால் பிள்ளையின் தாளில் டீச்சரின் பேனா படக் கூடாது. எழுதினவருடைய தாள் எழுதினவருக்குத்தான் சொந்தம். அதுதான் பட்டறையின் முதல் சட்டம்.

முதல் மாதம் டீச்சர் பட்ட பாடு சொல்லி முடியாது. ஒரு துணைக்கால் காணாமல் போயிருக்கும், அவளுக்குக் கை அரிக்கும். கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வாளாம். சும்மா சொல்லக் கூடாது, பல்லைக் கடித்துக்கொண்டு தாக்குப்பிடித்தாள். பலனும் வந்தது. பின்வரிசையில் இரட்டைச் சடைக்காரி ஒருத்தி, பசுவைத் தவிர வேறு எதையும் எழுதியறியாதவள், தன் அப்பா லாரியில் தூங்கும்போது ஸ்டியரிங் மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொள்வார் என்று எழுதினாள். வகுப்பே கேள்வி கேட்டு அவளைத் துளைத்துவிட்டது. ஹாரன் அடிக்காதா? காலைத் தட்டிவிட மாட்டீங்களா? அன்று ஆசிரியர் அறையில் டீச்சர் அதையே எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

(ஓர் இடைக்குறிப்பு. இவ்வளவு பெரிய மனுஷியை 'அவள்' என்று எழுதுகிறேனே, மரியாதை தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். 'அவர்' என்று போட்டுப் பார்த்தேன். பேனா ஓடவில்லை. எனக்கு அவள் 'அவள்'தான்.)

3

இனிதான் சிக்கல். பயிற்சியில் இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். டீச்சரும் எழுத வேண்டும். பிள்ளைகள் கண்முன்னே, கரும்பலகையில், சொந்தமாக. யோசிக்க வேண்டும், தடுமாற வேண்டும், அடித்துத் திருத்த வேண்டும். எழுத்து யாருக்கும் சுத்தமாக வந்து விழுவதில்லை என்று அவர்கள் பார்க்க வேண்டும்.

ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் திருத்தியவளுக்குச் சொந்தமாக ஒரு வரி எழுதிப் பழக்கம் இல்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு வெட்கம்.

[டீச்சர் அன்றிரவு நெடுநேரம் ஜன்னலருகே—]

வேண்டாம். மாலை நேரம், சமையலறை மேஜை. அவள் எதிரே ஒரு டம்ளர் டீ, ஆடை கட்டிவிட்டது. முதலில் ஒரு கதையை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி முடித்தாள். பேருந்தில் யாரோ விட்டுப்போன குடையை ஒரு பையன் கண்டெடுத்து, உரியவரைத் தேடிக் கொடுத்து, பாராட்டுப் பெறுகிறான். அப்புறம் அந்தக் கதைக்குள் தப்புகளைச் சேர்க்க ஆரம்பித்தாள். அவளுடைய வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன பண்ணிட்டிருக்கே?"

"நாளைக்குத் தப்பு பண்ணணும். அதுக்குப் பழகிட்டிருக்கேன்."

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். விவரம் தெரிந்த மனிதர்.

அவள் உள்ளங்கைக்குள் அடங்குகிற சீட்டில் எழுதிக்கொண்டது இதுதான்: "இரண்டாம் வரி. 'பெரிய குடை' என எழுதவும். அடிக்கவும். நெற்றியைத் தடவவும். 'கறுப்புக் குடை' என எழுதவும்."

நீங்கள் இப்போது கேட்பீர்கள், இந்தச் சமையலறை, டீ, வீட்டுக்காரர் எல்லாம் கட்டெறும்புக்கு எப்படித் தெரியும் என்று. தெரியாது. அவள் சொன்னது சீட்டை மட்டும்தான், மற்றதெல்லாம் என் கற்பனை. ஆனால் பந்தயம் கட்டுகிறேன், இப்படித்தான் நடந்திருக்கும். டீச்சர் பொய் சொல்வதாக இருந்தாலும் ஒத்திகை பார்க்காமல் சொல்ல மாட்டாள்.

இன்னொன்றும் கேட்பீர்கள். நீ மட்டும் என்ன, மேலே அடித்துப்போட்ட வரிகளெல்லாம் நிஜமாக அடித்தவையா, இல்லை ஒத்திகையா? நியாயமான கேள்வி. தயங்கிய வெயில் நிஜம், அது எனக்கு அடிக்கடி வரும் வியாதி. சிறப்புரை வரியை ஒரு சிரிப்புக்காகப் பிறகு சேர்த்தேன். போதுமா?

4

மறுநாள் குட்டு வெளிப்பட்டது.

டீச்சர் 'பெரிய குடை' என்று பலகையில் எழுதி, "ம்ஹூம், இது சரியில்லையே" என்று அடித்தாள். அதுவரை பிரமாதமாகப் போயிற்று. சாக்பீஸை மறுகைக்கு மாற்றும்போது சீட்டு நழுவி முன்வரிசையில் விழுந்துவிட்டது. முன்வரிசையில் யார்? வேறு யார். கட்டெறும்பு அதை எடுத்தாள், படித்தாள், மரியாதையாக எழுந்து நின்று நீட்டினாள்.

"டீச்சர், அடுத்தது நெத்தியைத் தடவணும்."

வகுப்பு சிரித்தது. டீச்சர் அசடு வழிந்தாள். "அது சும்மா, ஞாபகத்துக்கு எழுதி வெச்சதுடி."

"தப்பையுமா டீச்சர்?"

டீச்சர் மீதிக் குடையை எப்படியோ உரியவரிடம் சேர்த்துவிட்டு மணி அடிக்கக் காத்திருந்தாள்.

அதன்பிறகு நடந்ததுதான் வினை. பிள்ளைகள் அவளைக் கேலி செய்யவில்லை, அவளைப் போலவே செய்தார்கள். ஆளாளுக்கு உள்ளங்கையில் சீட்டு. அண்ணன் எழுதிக் கொடுத்தது, சித்தப்பா சொல்லிக் கொடுத்தது. ஒருவன் தப்புகளை ஸ்கேல் வைத்து நேர்க்கோட்டில் அழகாக அடித்துக்கொண்டு வந்தான். இரட்டைச் சடைக்காரி பசுவுக்கே திரும்பிப் போய்விட்டாள். பசு ஒரு வீட்டு விலங்கு. அதற்கு நான்கு கால்கள்.

கட்டெறும்பு எழுதுவதையே நிறுத்திவிட்டாள். டீச்சர் முக்காலியோடு பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எப்படிப் போகுது?" என்றாள்.

"போகலை. நீங்க நிஜமா எழுதினா நானும் நிஜமா எழுதறேன்."

இதற்கு நடுவில் தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். கெட்ட மனிதர் இல்லை அவர். கையைப் பிசைந்துகொண்டுதான் பேசினார்.

"டீச்சர், நான் குறை சொல்றதா நினைக்காதீங்க. பெத்தவங்க நோட்டைத் தூக்கிட்டு வந்து காட்டறாங்க. ஒண்ணு, பக்கம் பூரா அடிச்சு வெச்சிருக்கு. இல்லேன்னா யாரோ பெரியவங்க எழுதிக் கொடுத்திருக்காங்க. இதுக்கு நம்ம பழைய முறையே தேவலையே?"

"கொஞ்சம் டைம் கொடுங்க சார்."

"வெள்ளிக்கிழமை நானே வந்து உக்காந்து பார்க்கறேன். சரிப்படலைன்னா அந்த வேளையை டிக்டேஷனுக்குக் கொடுத்துடலாம். மனசுல வெச்சுக்காதீங்க."

டீச்சர் அறைக்குத் திரும்பிவந்து பிள்ளைகளின் தாள்களைப் புரட்டினாள். லாரி, ஸ்டியரிங், தூக்கிப் போட்ட கால். அதற்கு அடுத்த தாளில் பசு. அந்த வேளை போய்விட்டால் இந்தக் குழந்தைகள் இனி வாழ்நாள் முழுக்கப் பசுவையே எழுதுவார்கள், என்னைப் போல. இந்த 'என்னைப் போல' டீச்சர் நினைத்தது.

5

வெள்ளிக்கிழமை. தலைமையாசிரியர் பின்வரிசையில் ஒரு குட்டி நாற்காலியில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார். டீச்சர் இரண்டு கையையும் விரித்துப் பிள்ளைகளுக்குக் காட்டினாள். சீட்டு இல்லை. பலகைப் பக்கம் திரும்பினாள். கட்டெறும்பு சொன்னதை அப்படியே சொல்கிறேன், சாக்பீஸ் ஒரு தடவை உடைந்ததாம், வேறு எடுத்தாளாம், அதுவும் உடைந்ததாம். அந்தத் துண்டை வைத்தே எழுதினாளாம்.

என் தங்கச்சி ஒரு கதை எழுதினாள்.

(இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.)

மறைத்து வைத்ததைச் சொல்லும் நேரம் வந்துவிட்டது. அந்தத் தங்கச்சி நான்தான்.

எங்கள் இருவருக்கும் ஒரே முகஜாடை கிடையாது, அதனால் கட்டெறும்புக்குத் தெரிய வழியில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. முதல் நாள் அவள் படியில் உட்கார்ந்து, "எங்க டீச்சர் கோவம் வந்தா கண்ணாடியைக் கழட்டித் தொடைப்பாங்க, அப்புறம்தான் திட்டுவாங்க" என்று சொன்னபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, அது என் அக்கா.

என்னுடைய முதல் கதை ஒரு பத்திரிகையில் அச்சாகி வந்த அன்று, சுடச்சுட அதை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குத்தான் ஓடினேன். வேறு யாருக்கும் முதலில் காட்டத் தோன்றவில்லை. "வெச்சுட்டுப் போ, நிதானமாப் படிக்கறேன்" என்றாள். மறுநாள் பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்தாள். அச்சான கதை, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. ஒற்றெழுத்து, நிறுத்தற்குறி எல்லாம் திருத்தப்பட்டிருந்தன. கடைசிப் பக்கத்தின் மூலையில் வட்டம் போட்டு, பத்துக்கு ஆறரை. அதற்குக் கீழே, "முயற்சி நன்று. முடிவு அவசரம்." கீழே கையெழுத்து வேறு.

சிரிப்பாகத்தான் இருக்கிறது, சிரியுங்கள். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகை வந்தது, அப்புறம் ஆத்திரம் வந்தது, ஆத்திரம் அங்கேயே தங்கிவிட்டது. அதன்பிறகு அவளோடு நான் பேசவில்லை. சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்றால் அவள் முதல் பந்தி, நான் கடைசிப் பந்தி. நாளடைவில் அதுவே பழக்கமாகிவிட்டது.

ஆகவே இந்தக் கதையை எழுதும் ஆள் நடுநிலையான ஆள் இல்லை. தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

6

பலகையில் இரண்டாவது வரி:

நான் அதற்கு மார்க் போட்டேன்.

"எவ்ளோ டீச்சர்?" என்றான் ஸ்கேல்காரன்.

"பத்துக்கு ஆறரை."

"அய்யய்யோ!" வகுப்பே ஒரே குரலில் கத்தியது. சட்டம் தெரிந்த பிள்ளைகள். எழுதினவர் தாளில் இன்னொருவர் பேனா பட்டால் அது எவ்வளவு பெரிய தப்பு என்று அவர்களுக்குத் தெரியும். தலைமையாசிரியர் மட்டும், ஆறரை நல்ல மார்க்தானே என்கிற மாதிரி பார்த்தாராம்.

"நல்ல கதையா டீச்சர்?" இது இரட்டைச் சடைக்காரி.

டீச்சர் பலகைப் பக்கம் திரும்பி 'சுமாரான கதை' என்று எழுதினாள். பார்த்தாள். அடித்தாள். 'பரவாயில்லாத கதை' என்று எழுதினாள். அதையும் அடித்தாள். நெற்றியைத் தடவினாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பிறகு மெதுவாக எழுதினாள்:

ரொம்ப நல்ல கதை. எனக்குப் பொறாமையாக இருந்தது. என்னால் அப்படி ஒரு வரிகூட எழுத முடியாது.

கட்டெறும்பு இதைப் படியில் உட்கார்ந்து, முறுக்கைக் கடித்துக்கொண்டே, சர்வ சாதாரணமாகச் சொன்னாள். [எனக்குள் ஏதோ ஒன்று உடைந்து—] உடையவில்லை. காது சூடாகிவிட்டது, அவ்வளவுதான். உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். "என்ன ஆன்ட்டி, பாதியில எழுந்து போறீங்க?" என்றாள். கண்ணில் தூசி என்றேன். எத்தனை கதை எழுதியிருக்கிறேன், இதைவிட நல்ல பொய் கிடைக்கவில்லை.

மறுபடி வகுப்புக்கு வருவோம். "அப்புறம் என்ன ஆச்சு டீச்சர்?" என்று பிள்ளைகள் விடவில்லை.

"அப்புறம் அவ பேசறதில்லை."

"நீங்க?"

"நானும்தான்."

டீச்சர் சாக்பீஸோடு அப்படியே நின்றுவிட்டாள். நடிப்பு இல்லை, நிஜமாகவே வரவில்லை. பின்வரிசையில் குட்டி நாற்காலி முனகியது. தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சருக்கு முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை பாடுபட்டுக் கட்டிய வேளை இந்த இடத்திலேயே முடிந்தது என்று நினைத்தாளாம், பிறகு அவளே வகுப்பில் சொன்னது.

அப்போது முக்காலி தரையில் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. கட்டெறும்பு அதை இழுத்துக்கொண்டு போய்ப் பலகைக்குக் கீழே போட்டு உட்கார்ந்தாள். அண்ணாந்து பார்த்தாள்.

"எப்படிப் போகுது?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "போகலைடி. நின்னுபோச்சு."

"எங்க நின்னுச்சு?"

"அடுத்தது என்னன்னு எனக்கே தெரியலை. இன்னும் நடக்கலை."

"அப்ப அந்த இடத்தை விட்டுட்டுத் தாண்டிப் போங்க. வந்ததும் எழுதிக்கலாம். நீங்கதானே எங்களுக்குச் சொன்னீங்க?"

டீச்சர் பலகையில் நாலைந்து வரிக்கு இடம் விட்டாள். அதற்குக் கீழே எழுதினாள்:

"எப்படி இருக்கே?" என்று கேட்டாள்.

யார் கேட்டது என்று எழுதவில்லை. பிள்ளைகள் அதையும் கேட்டுப் பார்த்தார்கள். "தெரியலை" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தாள்கள் சரசரத்தன. இரட்டைச் சடைக்காரி பசுவைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். ஸ்கேல்காரன் ஸ்கேலைப் பைக்குள் வைத்தான். கட்டெறும்பு முக்காலியிலேயே உட்கார்ந்து மடியில் தாளை வைத்துக்கொண்டு எழுதினாள்.

தலைமையாசிரியரை என்ன செய்வது? எனக்கு மூன்று வழி தோன்றியது.

[அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.] ரொம்ப இனிப்பு.

[அவரும் ஒரு தாளை வாங்கிக்கொண்டு, மணி அடித்தும் எழாமல்—] ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இது என் ஆசை.

[அவர் முகம் சுளித்துக்கொண்டு வெளியேறினார்.] அந்த மனிதர் இதற்கு என்ன பாவம் செய்தார்?

உண்மையில் நடந்ததைக் கட்டெறும்பு நடித்தே காட்டினாள். அவர் எழுந்து முன்னால் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பலகையை இரண்டு தடவை படித்தார்.

"இந்தக் கதை என்ன ஆச்சு டீச்சர்?"

"முடியலை சார்."

"எப்ப முடியும்?"

"அது என் கையில மட்டும் இல்லை சார்."

அவர் தாடையைச் சொறிந்துகொண்டார். "பாதியில நிறுத்தினா நல்லா இருக்காது. இது முடியற வரைக்கும் இந்த வேளை இப்படியே இருக்கட்டும். முடிஞ்சதும் பேசிக்கலாம்."

பார்த்தீர்களா விஷயத்தை? கதை முடியாத வரைக்கும் வேளை தப்பித்தது. நான் அக்காவோடு பேசாமல் இருக்கிற ஒவ்வொரு நாளும் அந்தப் பிள்ளைகளுக்கு நல்லது. என் வீம்புக்கு இப்படி ஒரு கௌரவம் கிடைக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. கல்விச் சேவை! இந்த இடத்தில் கதையை முடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

7

நேற்று சாயங்காலம் கட்டெறும்பு அந்த வசதியையும் கெடுத்தாள்.

"ஆன்ட்டி, தலைமையாசிரியர் இன்னைக்கும் வந்தார். கதை என்ன ஆச்சுன்னு கேட்டார்."

"டீச்சர் முடிச்சுட்டாங்களா?"

"இல்லை. ஆனா பட்டறை இனிமே அந்தக் கதை முடியற வரைக்கும்னு இல்லையாம். இரட்டைச் சடை எழுதின லாரிக் கதையைப் பெத்தவங்க கூட்டத்துல அவரே படிச்சுக் காட்டினாராம். அடிச்சதையும் சேர்த்துக் காட்டினாராம். பட்டறை வருஷம் பூரா இருக்குன்னு சொல்லிட்டார்."

சந்தோஷமாக இருந்தது, நிஜமாகவே. அதே சமயம் என் சாக்கு போய்விட்டது.

"அப்ப டீச்சர் கதை?"

"அது பலகையில அப்படியே இருக்கு. சுத்திக் கட்டம் போட்டு 'அழிக்காதீர்கள்'னு எழுதியிருக்காங்க. கணக்கு சார் ஓரத்துல இண்டு இடுக்குல கணக்குப் போடறார், பாவம்." அவள் பையிலிருந்து ஒரு கசங்கிய தாளை எடுத்தாள். "டீச்சர் விட்டிருக்கற அந்த இடத்துக்கு நான் ஒரு கதை எழுதிட்டிருக்கேன். எனக்கும் நின்னுபோச்சு. நீங்க கதை எழுதறவங்கதானே? அந்தத் தங்கச்சி எப்படிப்பட்டவளா இருப்பா?"

"திமிர் பிடிச்சவளா இருப்பா" என்றேன்.

"இருக்காது. கதையை மொதல்ல அக்காகிட்டதானே எடுத்துட்டு ஓடி வந்தா? டீச்சர் சொன்னாங்க. திமிர் பிடிச்சவ எதுக்கு ஓடி வரணும்?"

நான் பேனா மூடியைக் கழற்றி மாட்டினேன், மறுபடி கழற்றினேன்.

"நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க ஆன்ட்டி?"

"யோசிப்பேன்."

"எவ்ளோ நேரம்?"

அவள் அம்மா கீழே வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டது. பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடிவிட்டாள். கேள்வி மட்டும் படியில் உட்கார்ந்திருந்தது.

இன்று காலையிலிருந்து அந்த இடத்தை நிரப்பப் பார்க்கிறேன்.

[அக்கா கதவைத் திறந்தாள். இருவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு—] நாங்கள் கட்டிக்கொள்கிற குடும்பமே இல்லை.

[பல வருஷங்களுக்குப் பிறகு, ஒரு மழை நாளில்—] எதற்குப் பல வருஷம்? இன்றைக்கு என்ன கேடு?

[தொலைபேசியில் எண்ணை அழுத்திவிட்டு, மறுமுனையில் மணி அடிப்பதைக் கேட்டபடி—] தொலைபேசியில் என்றால் நான் பேசாமல் வைத்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

[தங்கச்சி பள்ளி வாசலில் நின்றாள்.]

இதை அடிக்க மனம் வரவில்லை. ஆனால் எழுதி வைக்கவும் முடியாது, ஏனென்றால் நான் இன்னும் மேஜைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடக்காததை நடந்ததாக எழுதுவதுதான் என் பிழைப்பு. இந்த ஒரு இடத்தில் மட்டும் அது சரிப்படாது.

பள்ளி விடுகிற நேரம் ஆகிறது. நடந்தே போய்விடலாம், தெருமுனை திரும்பினால் வாசல் தெரியும். செருப்பு மாட்டியாயிற்று. பிள்ளைகளெல்லாம் போனபிறகு, கை நிறைய தாள்களோடு கடைசியாகத்தான் அவள் வெளியே வருவாள். என்னைப் பார்ப்பாள். பார்த்ததும் முதலில் என்ன சொல்வாள்?

பேனாவை மூடாமல் வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிக்கொண்டிருங்கள். நான் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.